குத்தாத கட்டில்

எனக்குப் பாராட்டு என்றால் உயிர். வைத்தியம் பார்க்கிறவன் இதை வெளியே சொல்லக் கூடாது. யாராவது புகழ்ந்தால் ‘என் கடமையைத்தானே செஞ்சேன்’ என்று தலையைக் குனிந்துகொள்ள வேண்டும். முப்பத்திரண்டு வருஷ சர்வீஸில் நானும் பலமுறை குனிந்திருக்கிறேன். குனிந்தபடியே, அடுத்து என்ன சொல்லப்போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டும் இருந்திருக்கிறேன். இந்தப் புத்தியால் ஒருமுறை ஒரு பெண்ணின் உயிரே போகப் பார்த்தது. அதைத்தான் எழுதப்போகிறேன். சிரிப்பு வந்தால் அடக்க வேண்டாம். என் வீட்டில் யாரும் அடக்குவதில்லை.

எண்பதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தாறு வயது. போளூருக்குப் பக்கத்தில் மணிலாக்கொட்டையும் நெல்லும் போடுகிற குடும்பம் எங்களுடையது. அதில் முதல் டாக்டர் நான்தான் என்பதால் அப்போதே தலை கொஞ்சம் கனமாக இருந்தது. முதல் வேலை ஜவ்வாது மலை மேல் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில். ஓட்டுக் கட்டடம், ஆறு கட்டில், நினைத்தால் வந்து நினைத்தால் போகிற கரண்ட். சரோஜா என்று ஒரு நர்ஸ் இருந்தார். எனக்கு முன்னால் மூன்று டாக்டர்களைப் பார்த்தவர். என்னையும் நாலாவதாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மலையில் யாரும் வாயால் நன்றி சொல்ல மாட்டார்கள். உடம்பு தேறினவர்கள் ஒருநாள் ஒரு படி சாமையோ, ஒரு பாட்டில் தேனோ, கொட்டை எடுத்த புளியோ கொண்டுவந்து வராந்தாவில் வைத்துவிட்டு, மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவார்கள். தேறாதவர்கள் வரவே மாட்டார்கள். ‘நீ கொடுத்த மருந்து கேக்கல’ என்று வைத்தியம் செய்தவன் முகத்துக்கு நேரே சொல்வது அவர்களிடம் பெரிய மரியாதைக் குறைவு. பேசாமல் வேறு வைத்தியரைத் தேடிப் போய்விடுவார்கள், அல்லது வீட்டிலேயே கிடப்பார்கள். ஆக, ஒரு வருஷம் முழுக்க என் கண்ணில் பட்டவர்கள் எல்லாம் குணமானவர்கள். காதில் விழுந்தது எல்லாம் நல்ல சேதி. இதிலிருந்து நான் செய்துகொண்ட முடிவு, எனக்குக் கைராசி அபாரம் என்பது. (சிரித்துவிட்டீர்களா? சரி, மேலே போகலாம்.)

அந்தச் சமயத்தில்தான் மாவட்டத் தலைமையிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மலை மேல் இருக்கிற கட்டில்களில் பாதி நாள் ஆளே இல்லை, மக்களுக்கு இந்த ஆஸ்பத்திரியில் திருப்தி இல்லை என்று தெரிகிறது, ஆகவே ஆறு கட்டில்களையும் அடிவாரத்துக்கு மாற்றுவது பற்றி யோசனை நடக்கிறது. அதற்கு முன் அதிகாரி நேரில் வந்து நோயாளிகளின் வாயாலேயே கேட்டுத் தெரிந்துகொள்வார்.

கடிதத்தைப் படித்ததும் சரோஜா சிஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கட்டில் கீழே போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். பிரசவம் சிக்கலானால் ஒரு கம்பத்தில் கம்பளியைக் கட்டி, அதற்குள் பெண்ணைப் படுக்கவைத்து, நாலு ஆம்பளைகள் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு மலை இறங்க வேண்டும். அரை நாள் ஆகும். இங்கே கட்டில் வருவதற்கு முன் அப்படிப் போன இரண்டு பேரை அவர் பார்த்திருக்கிறார். ஒருத்திதான் திரும்பி வந்தாள்.

“கவலப்படாதீங்க சிஸ்டர். நம்ம நோயாளிங்க பேசுவாங்க” என்றேன் நான்.

நாலைந்து நாள் யோசித்து மூன்று பேரைப் பொறுக்கி எடுத்தேன். மூன்று பேரும் நெல்லிவாசல்நாட்டுப் பக்கத்தில் ஒரே சிற்றூரைச் சேர்ந்தவர்கள். முதல் ஆள் சடையன். கரடி கிழித்த தோளுக்கு நான் தையல் போட்டிருந்தேன். இரண்டாவது காளியம்மா, பாம்புக்கடியிலிருந்து பிழைத்தவர். மூன்றாவது குப்பு, இருபத்திரண்டு வயதுப் பெண். மார்ச்சளிக் காய்ச்சலில் பதினைந்து நாள் நாலாம் நம்பர் கட்டிலில் கிடந்து தேறினவள். அந்தப் பதினைந்து நாளில் அவள் பேசியது மொத்தம் பத்து வார்த்தை இருக்கும். அதில் பாதி ‘சரிங்க’.

குறுக்குப் பாதையில் நடந்தால் அவர்கள் ஊரிலிருந்து ஆஸ்பத்திரிக்கு இரண்டு மணி நேரம். “சொல்லி அனுப்புங்க சார், அவங்களே நடந்து வந்துடுவாங்க” என்றார் சிஸ்டர்.

எனக்கு அது பிடிக்கவில்லை. “அதிகாரியப் பாக்க வர்றவங்கள நடக்க விடறதா? மரியாதையா கூட்டிட்டு வரணும்” என்று சொல்லி, புளி வாங்க மலைக்கு வரும் வியாபாரி ஒருவரிடம் ஜீப் கேட்டு அனுப்பினேன். மலைப்பாதை சுற்றிக்கொண்டு வருவதால் ஜீப்பிலும் அதே இரண்டு மணி நேரம்தான் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. அந்த மூன்று பேரும் வாழ்நாளில் ஒரு வண்டியில்கூட ஏறினதில்லை என்பதையும் நான் யோசிக்கவில்லை.

அவர்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. அதிகாரிகளைப் பார்க்கப் போகிறவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப மாட்டார்கள். பெரிய மனிதர் எதிரில் வயிறு சத்தம் போட்டால் ஊருக்கே அவமானமாம். அன்று விடியற்காலையிலேயே மூன்று பேருக்கும் கேழ்வரகுக் களியும் கோழிக்குழம்பும் வயிறு முட்டப் போட்டு, ஜீப்பில் ஏற்றிவிட்டிருக்கிறார்கள். டீசல் நாற்றம், புளி மூட்டை நாற்றம், ஐம்பது அறுபது வளைவு. மீதியை நீங்களே கற்பனை செய்துகொள்ளலாம்.

அதிகாரி பத்து மணிக்கே வந்துவிட்டார். ஐம்பது வயது, கண்ணாடி, அதிகம் பேசாத மனிதர். அவரும் டாக்டர்தான், ஆனால் ஃபைல் பார்க்க ஆரம்பித்துப் பல வருஷம் ஆகியிருந்தது. வார்டு நடுவில் மேஜை போட்டு உட்காரவைத்தேன். அன்று நான் இஸ்திரி போட்ட சட்டை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், போதாததற்கு சென்ட் வேறு பூசியிருந்தேன். ஜீப்பில் இடம் இல்லாததால் குப்புவின் புருஷன் வெள்ளையன் மட்டும் குறுக்குப் பாதையில் நடந்து, ஜீப்புக்கு முன்னாலேயே வந்து வராந்தாவில் நின்றிருந்தான். காலையில் பூத்த பூ மாதிரி இருந்தான்.

ஜீப் வந்தது. கரடியோடு மல்லுக்கட்டின சடையன் நாலு காலில் இறங்கினார். காளியம்மாவை டிரைவர் இறக்கிவைத்தார். குப்பு இறங்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராக உள்ளே போய், தனக்குத் தெரிந்த நாலாம் நம்பர் கட்டிலில் விழுந்தாள். மூன்று பேர் சேலையிலும் வேட்டியிலும் காலைச் சாப்பாடு இருந்தது. கொஞ்சம் ஓய்வு கொடுத்துக் கேட்கலாம் என்று நான் சொல்வதற்குள் அதிகாரி நோட்டுப் புத்தகத்தைத் திறந்துவிட்டார்.

“டாக்டர் உங்களை நல்லா கவனிச்சாரா?”

சடையன் தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டு கண்ணைத் திறக்காமலேயே பதில் சொன்னார். “இன்னா கவனிப்பு? கரடி கடிச்சப்பகூட நான் இப்டி ஆவலீங்க.”

அதிகாரி எழுதினார். காளியம்மாவிடம் திரும்பினார். “ஆஸ்பத்திரி சுத்தமா இருக்குதாம்மா?”

“அல்லாம் நாறுது. மருந்து நாறுது, சொவுரு நாறுது, தோ நிக்கிறாரே, இவுரு பூசிக்கினு வந்துகீறாரே அதுவும் நாறுது.”

அதையும் எழுதினார். எனக்குக் காது சூடாகிவிட்டது. அப்போது வராந்தாவிலிருந்து வெள்ளையன் தானாகவே முன்னால் வந்தான். “அய்யா, இந்த மாரி ஆஸ்பத்திரி எங்கியும் இல்லீங்க. டாக்டரு தெய்வங்க” என்று கும்பிட்டான். எனக்கு அவனைக் கட்டிப்பிடிக்க வேண்டும் போல இருந்தது.

“நீங்க என்ன நோய்க்கு வந்தீங்க?” என்று கேட்டார் அதிகாரி.

“எனுக்கு இன்னாங்க நோவு? பொறந்ததுலேந்து ஒரு மாத்தரகூட முழுங்கினதில்லீங்க.”

அதிகாரி பேனாவை மூடி என்னைப் பார்த்தார். “உங்க ஆஸ்பத்திரியில திருப்தியா இருக்கிறது உடம்புக்கே வராத ஒருத்தர்தானா?” என்றார். சரோஜா சிஸ்டர் சிரிப்பை அடக்க முடியாமல் எலுமிச்சம்பழம் தேட உள்ளே போய்விட்டார்.

உப்பும் எலுமிச்சையும் கலந்த தண்ணீரைக் குடிக்கக் கொடுத்து, சடையனையும் காளியம்மாவையும் வெளியே பலாமரத்து நிழலில் உட்காரவைத்தார் சிஸ்டர். ஒரு மணி நேரம் ஆனது. காற்று பட்டு, முகம் தெளிந்து, சடையன் தானாகவே எழுந்து வந்தார். “சார், மின்னாடி நான் சொன்னத அடிச்சிடுங்க. டாக்டரு தங்கமான ஆளு. இந்தத் தோள பாருங்க, ஒட்டவச்சிட்டாரு” என்று துண்டை விலக்கிக் காட்டினார். பின்னாலேயே வந்த காளியம்மாவும், சுவர் அவ்வளவு நாறவில்லை என்று ஒப்புக்கொண்டார். (சென்ட்டைப் பற்றிச் சொன்னதை மட்டும் கடைசிவரை அவர் வாபஸ் வாங்கவில்லை.)

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “ஒரு மணி நேரத்துல ஆஸ்பத்திரி இவ்வளவு முன்னேறிடுச்சா?” என்றார். எனக்கு உயிர் வந்தது. இனி குப்பு ஒருத்திதான். அவள் ‘சரிங்க’ என்று ஒரு வார்த்தை சொன்னால்கூடப் போதும், கட்டில்கள் தப்பித்துவிடும் என்று நினைத்தேன்.

குப்பு சொன்னாள். ஆனால் ‘சரிங்க’ என்று சொல்லவில்லை.

“ஜன்னல மூடுங்க, வெளிச்சம் கண்ணக் குத்துது” என்றாள். மூடினோம். “காத்தே இல்ல, தொறங்க” என்றாள். திறந்தோம். எலுமிச்சைத் தண்ணீரைத் தட்டிவிட்டாள். சிஸ்டரைப் பார்த்து, “சொம்மா சொம்மா வந்து தொடாத போ” என்றாள். பதினைந்து நாளில் பத்து வார்த்தை பேசினவள் பத்து நிமிஷத்தில் நூறு வார்த்தை பேசினாள், அத்தனையும் வசவு. கடைசியில், “இன்னா கட்டிலு போட்டுகீறீங்க? தோள்ல குத்துது. படுக்கவே முடியல” என்று எழுந்து தரையில் குந்திக்கொண்டாள்.

அதிகாரி பேனாவைத் திறந்து, ‘கட்டில் சரியில்லை’ என்று எழுதினார். அந்தப் பேனா காகிதத்தில் போவதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எந்தக் கட்டிலைக் காப்பாற்ற இத்தனை பாடுபட்டேனோ, அதே கட்டில் மேல் புகார்!

எனக்குக் கோபம் தலைக்கேறியது. “மத்தவங்களுக்கெல்லாம் சரியாப்போச்சு, ஒனக்கு மட்டும் இன்னா? பதினஞ்சு நாள் இதே கட்டில்லதானே கெடந்த? அப்ப குத்தலியா?” என்று கத்தினேன். நன்றி கெட்டவள் என்றும் ஒரு வார்த்தை சொன்னேன். சொன்னது நான்தான், மறைக்கப்போவதில்லை. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நான் செய்த காரியத்தை எந்த அரசாங்க டாக்டரும் மேலதிகாரி எதிரில் செய்திருக்க மாட்டார். “பாருங்க சார்” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, இஸ்திரி சட்டையோடு நாலாம் நம்பர் கட்டிலில் ஏறி மல்லாந்து படுத்தேன். இந்தப் பக்கம் புரண்டேன். அந்தப் பக்கம் புரண்டேன். “எங்க குத்துது? எங்கயும் குத்தல சார்!” என்றேன். சிஸ்டர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றார்.

உண்மையிலேயே அந்தக் கட்டில் குத்தவில்லை. மெத்தை தட்டையாக இருந்தது. கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்த எனக்கு அப்போதுதான், கோபம் கொஞ்சம் வடிந்து, கேட்க வேண்டிய கேள்வி வந்தது. கட்டில் குத்தவில்லை என்றால் இவளுக்கு எது குத்துகிறது? அதுவும் முதுகில் இல்லை, இடுப்பில் இல்லை, தோளில். அதுவும் படுத்த பிறகு.

நான் பரீட்சையில் எழுதிய பதில் அது. வயிற்றுக்குள் ரத்தம் கசிந்தால், படுத்ததும் அது மேலே ஏறி உதரவிதானத்தைத் தொடும். வலி தோள்பட்டையில் தெரியும். நல்ல மார்க் வாங்கியிருந்தேன். தலையைத் திருப்பிக் குப்புவைப் பார்த்தேன். நான் படுத்திருந்ததால் அவள் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது. உதடு சுண்ணாம்பு பூசியது போல வெளுத்திருந்தது.

கட்டிலிலிருந்து குதித்து அவள் கையைப் பிடித்தேன். நாடி நூல் போல ஓடிக்கொண்டிருந்தது. “தலைக்குக் குளிச்சு எத்தன நாள் ஆவுது?” என்று கேட்டேன். ரெண்டு மாசம் என்றாள். கருக்குழாயில் கரு தங்கி, குழாய் வெடித்திருந்தது. தொட்டால் வயிறு பலகையாக இருந்தது. அதுவரை நான் தொட்டுப் பார்க்கவில்லை.

“காலீலியே வவுறு நோவுதுன்னா டாக்டரய்யா” என்றான் வெள்ளையன். “போவ வாணான்னேன். ஜீப்பு அனுப்பிகீறாரே, போவலன்னா டாக்டரய்யாவுக்குத் தலகுனிவு ஆயிடும்னு எழுந்து வந்தா.”

அந்த வார்த்தையைக் கேட்டு நான் நின்ற நிலை இன்னும் எனக்கு மறக்கவில்லை. நான் நன்றி கெட்டவள் என்று திட்டினேனே, அவள் அந்த வலியோடு வந்ததே எனக்காகத்தான்.

சலைன் ஏற்றி, கால் பக்கம் உயர்த்தி, அதிகாரியின் ஜீப்பிலேயே படுக்கவைத்து அமிர்தி வழியாக வேலூருக்குக் கிளம்பினோம். சலைன் பாட்டிலை அதிகாரியே தூக்கிப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது வளைவில் அவருக்கும் ஜீப் வேலையைக் காட்டியது. தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தார், ஆனால் பாட்டில் பிடித்த கை இறங்கவில்லை. குப்பு முதலில் டிரைவரைத் திட்டிக்கொண்டே வந்தாள். “மெதுவா ஓட்றா, கண்ணு கீதா இல்லியா?” என்றாள். பாதி மலை இறங்கியபோது குரல் குறைந்தது. பிறகு நின்றுவிட்டது.

“திட்டு குப்பு, என்னத் திட்டு” என்று அவள் காதருகே கத்தினேன். பாராட்டுக்கு அலைந்த நான், ஒரு வசவுக்காகக் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். கையை அழுத்திக் கிள்ளினேன். “இன்னாத்துக்குக் கிள்ற?” என்று முனகினாள். அதைவிட நல்ல வார்த்தையை என் சர்வீஸில் யாரும் என்னைப் பார்த்துச் சொன்னதில்லை.

வேலூரில் உடனே ஆபரேஷன் செய்தார்கள். மாத்திரையே முழுங்காத வெள்ளையன் இரண்டு பாட்டில் ரத்தமும் தன்னிடமே எடுத்துக்கொள்ளச் சொல்லிக் கையை நீட்டினான், ஒன்றுதான் எடுத்தார்கள். இன்னொரு பாட்டில் என்னுடையது. கரு போய்விட்டது. குப்பு பிழைத்தாள். அன்று நான் அவளை வரவழைத்ததால் சாகப் பார்த்தாளா, வரவழைத்ததால்தான் பிழைத்தாளா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஊரிலேயே இருந்திருந்தால் கம்பத்தில் கட்டின கம்பளியில் பாதி வழிகூட வந்திருக்க மாட்டாள் என்று சர்ஜன் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ.

ஆபரேஷன் அறைக்கு வெளியே அதிகாரி நோட்டுப் புத்தகத்தை எடுத்து, ‘கட்டில் சரியில்லை’ என்ற வரியை அடித்தார். “சாட்சி சொல்ல நோயாளியக் கூட்டிட்டு வந்தீங்க. வந்தவங்க நோயாளின்றத நீங்களும் மறந்துட்டீங்க, நானும் மறந்துட்டேன்” என்றார். நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு, “கட்டிலுங்க மேலேயே இருக்கட்டும். இன்னொரு தடவ இந்த ரோட்டுல என்னால யாரையும் தூக்கிட்டு வர முடியாது” என்றார்.

ஒன்றரை மாதம் கழித்துக் குப்பு நடந்தே வந்தாள். தையலைப் பார்க்க வேண்டும் என்று நாலாம் நம்பர் கட்டிலில் படுக்கச் சொன்னேன். படுத்தாள். தோளை ஒருமுறை அசைத்துப் பார்த்தாள். பிறகு, நான் பயந்துகொண்டிருப்பது தெரிந்தோ தெரியாமலோ, “இப்ப குத்தல டாக்டரய்யா. கட்டில மாத்திட்டீங்களா?” என்று கேட்டாள்.

“மாத்தியாச்சு” என்றேன். வேறு என்ன சொல்வது?

கல்யாணமான புதிதில் இதை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த அடுத்த தப்பு. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஒரு சொல்வழக்காகிவிட்டது. காய்ச்சலில் கஞ்சியைத் தட்டிவிட்டு அழுத குழந்தை மறுநாள் இன்னொரு கிண்ணம் கேட்டால், ‘கட்டில மாத்தியாச்சு’. பல்வலியில் மருமகளைச் சபித்த என் அக்கா பல்லைப் பிடுங்கியதும் அவளைப் போல் உண்டா என்று கொண்டாடினால், ‘கட்டில மாத்தியாச்சு’. யார் எதைக் குறை சொன்னாலும் என் மனைவி முதலில் நெற்றியையும் வயிற்றையும் தொட்டுப் பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் சண்டைக்கு வருவாள்.

போன வருஷம் எனக்கு இதய ஆபரேஷன் ஆனது. மூன்று நாள் அந்த ஆஸ்பத்திரியை நான் விட்டுவைக்கவில்லை. நர்ஸுக்கு ஊசி போடத் தெரியாது, டாக்டர் சின்னப் பையன், தலையணை கருங்கல் என்று எல்லாவற்றையும் திட்டினேன். மகள் ஒவ்வொரு முறையும் சிரிக்காமல் போய் டியூட்டி டாக்டரைக் கூட்டிவந்தாள். என் மனைவிக்கு மூட்டு வலி, ஆஸ்பத்திரிக்கு வர முடியாமல் வீட்டில் இருந்தாள். நாலாம் நாள் காலையில் இட்லியைச் சாப்பிட்டுவிட்டு, “பரவாயில்லம்மா, நல்லாத்தான் கவனிக்கிறாங்க” என்றேன்.

மகள் போனை எடுத்தாள். “அம்மா, அப்பாவுக்குக் கட்டில மாத்திட்டாங்க” என்றாள். அந்தப் பக்கம் என் மனைவி சிரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் அழுகிற சத்தம்தான் கேட்டது.